ராஜாவின் குத்தகைக்காரி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சவுரியம்மாளை நாம் விட்டுவிட்டு வந்த இடம் நல்ல இடம் இல்லை. கையில் கரண்டி, எதிரில் கோபத்தோடு நிற்கும் கொழுந்தன், நடுவில் ஆறிப்போன களி. "நாளைக்குக் கோர்ட்டுல அந்த வார்த்தைய நீங்க சொன்னீங்கன்னா, எனக்கு அண்ணி கிடையாது" என்று சொல்லிவிட்டு அந்தோணி வெளியே போனான். களியைத் தொடவில்லை.

அந்த வார்த்தை என்னவென்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குத்தகை. அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் பிழைப்பதே அந்த வார்த்தையில்தான். ஆனால் அந்தோணிக்கு அது தகப்பன் முகத்தில் கரி பூசுகிற வார்த்தை.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில், இவர்களுடைய சின்னத் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் கொட்டகை, இருக்கிறது. அந்தோணியின் தகப்பனார் ஞானப்பிரகாசம் வெறும் கையோடு வந்து ஏற்படுத்தியது. பெரியவரும் போய், மூத்த மகனையும் காலரா கொண்டுபோன பிறகு, மருமகள் சவுரியம்மாளும் இளைய மகன் அந்தோணியும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஷாப்புக்குப் பக்கத்திலேயே கோனவரம் மகாராஜாவின் தென்னந்தோப்பும் பங்களாவும். அந்தக் காலத்துப் பெரிய ராஜா, பிள்ளை வரம் கேட்டு விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போகிற வழியில் தங்குவதற்காக வாங்கிப் போட்ட இடம். ஷாப்புக்குத் தண்ணீர் கொடுக்கிற கிணறு இரண்டுக்கும் நடுவில்.

இப்போது சமஸ்தானத்துக் காரியஸ்தர் அந்தக் கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டார். ஷாப்பைக் காலி பண்ணினால் இடத்தை ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்கலாமே என்று யோசனை. ஆட்களை அடிக்கவில்லை, வையவில்லை, ஒரு பூட்டு மட்டும் போட்டார். தோல் ஷாப்பைக் கொல்ல அது போதும். சுண்ணாம்புக் குழியில் கிடக்கிற தோலைக் காலத்தில் எடுத்து அலசாவிட்டால் நைந்து கூழாகிவிடும். ஷாப்பில் வேலை செய்கிற முனியம்மாவும் மற்றப் பெண்களும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாகச் சுமக்கிறார்கள். பக்கத்துத் தோல் ஷாப்புக்காரர் கலீமுல்லா சாயபு தன் ஷாப்பிலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்து அனுப்புகிறார். அது குடிக்கக் காணும், குழிக்குக் காணாது.

கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். போனார்கள். அங்கேதான் சங்கதி.

ஊரில் யார் மேல் வேண்டுமானாலும் பிராது கொடுக்கலாம். மிட்டாதார் மேல் கொடுக்கலாம், மிராசுதார் மேல் கொடுக்கலாம், துணிச்சல் இருந்தால் கலெக்டர் மேல்கூடக் கொடுக்கலாம். ராஜா மேல் கூடாது. இவர்களுடைய வேலூர் வக்கீல் ராமலிங்கம் அதைச் சவுரியம்மாளுக்கு இப்படி விளக்கியிருந்தார்: கோனவரம் ஒரு தனி ராஜ்யம். வேலூர்க் கோர்ட்டு ஜார்ஜ் மன்னர் பேரால் நடப்பது. ஒரு ராஜாவை இன்னொரு ராஜாவின் கச்சேரியில் கூண்டில் ஏற்றக்கூடாது. அது உலகம் பூராவும் ராஜாக்கள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்டிருக்கிற மரியாதை. மீறி இழுக்க வேண்டுமானால் டில்லி சர்க்கார் சம்மதம் கொடுக்க வேண்டும்.

"அப்ப ராஜா தப்பே பண்ணமாட்டாருங்களா ஐயா?" என்று சவுரியம்மாள் அப்போது கேட்டாள்.

"பண்ணலாம்மா. ஏன்னு கேக்கறதுக்குத்தான் எடமில்ல" என்றார் வக்கீல்.

டில்லிக்கு எழுதினார்கள். சம்மதமில்லை என்று பதில் வந்தது. வழக்கைத் தள்ளுபடி செய்ய நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின சாயங்காலம்தான் ராமலிங்கம் பஸ் ஏறி ஆம்பூருக்கே வந்து அந்த வார்த்தையை எடுத்தார். ராஜாக்களுக்கு அத்தனை மரியாதை செய்கிற அதே சட்டம், கடைசியில் ஒரு சின்னக் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. ராஜாவின் நிலத்தில் குத்தகைக்கு இருப்பவன், அந்த நிலத்து விஷயமாக, டில்லியைக் கேட்காமலே ராஜா மேல் வழக்குப் போடலாம்.

அதை எழுதினவன் யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. ராஜாக்களைப் பற்றியே எழுதிக்கொண்டு போன பேனா, முடிக்கிற சமயத்தில், அவர்கள் நிலத்தில் குனிந்து வேலை செய்கிறவனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டதே, அந்தப் பேனாவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் இவர்கள் போட்டிருந்த வழக்கு சொந்தக்காரர்கள் என்று. 'பெரிய ராஜா எங்கள் தகப்பனாருக்கு இனாமாகக் கொடுத்த மண்' என்று அந்தோணி கையெழுத்துப் போட்டிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான் கேட்டிருக்கிறான், அப்படித்தான் சொல்லியும் இருக்கிறான். வருஷா வருஷம் கார்த்திகையில் ஞானப்பிரகாசம் தன் கையாலேயே ஒரு தோல் சால் தைத்து, மாடு பூட்டி நீர் இறைக்க, ராஜாவின் தோப்புக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். "ராஜாவுக்கே தானம் குடுத்த வம்சம்டா நாங்க" என்று ஆம்பூர் பஜாரில் காபிக் கடைக்குக் கடை அந்தோணி அளந்திருக்கிறான். கேட்டவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். அதை இப்போது குத்தகை என்றால்?

"பொய் சொல்லச் சொல்லலம்மா. உனக்குத் தெரிஞ்சது நெஜமா குத்தகைன்னா மட்டும் சொல்லு. இல்லன்னா நாளைக்குக் கேஸ் முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு வக்கீல் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் களிச் சண்டை.

விடிந்ததும் அந்தோணியின் பெண்டாட்டி மரியம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அக்கா, அவரு வீட்டுல இல்ல. கோடாலியையும் காணோம்."

சவுரியம்மாள் வெள்ளைப் புடவைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "எப்போ போனான்?"

"தெரியலக்கா. கோழி கூவறப்போ பாத்தேன், பாய் காலியா இருந்திச்சு. கம்பிய வெட்டப் போய்ட்டாரு போல. அவன் பூட்டுனா நான் பேத்து எறியறேன்னு ராத்திரியெல்லாம் சொல்லிகினே இருந்தாரு. போலீசு வந்தா இன்னாக்கா பண்றது?"

இதுதான் ராஜாவாக இருப்பதில் உள்ள சௌகரியம். அவர் பூட்டினால் கேட்க ஆளில்லை. இவன் கம்பியைத் தொட்டால் ராத்திரிக்குள் லாக்கப்பு.

வேலூர் பஸ் கிளம்ப இன்னும் அதிக நேரமில்லை. ஆற்றங்கரைக்கு ஓடினால் பஸ் போய்விடும். பஸ்ஸைப் பிடித்தால் கொழுந்தன் போய்விடுவான். சவுரியம்மாள் அவனைத் தூக்கி வளர்த்தவள் இல்லைதான். ஆனால் அவள் கல்யாணமாகி வந்தபோது அந்தோணிக்கு மீசை அரும்பவில்லை. புருஷன் போன அன்றைக்கு, "நான் இருக்கேன் அண்ணி" என்று சொன்ன முதல் ஆள் அவன்.

"மரியம்மா, நீ ஓடு. அவன் கையப் புடி, காலப் புடி, இன்னா வேணா பண்ணு. அண்ணி வர்ற வரைக்கும் ஒரு கம்பியக்கூட வெட்டக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு சொல்லு."

"அவரு கேக்கலன்னா?"

"கேக்கலன்னா, கம்பிய வெட்டினா ஒரு நாள் தண்ணி, அண்ணி வாயைத் தொறந்தா வருஷம் பூரா தண்ணின்னு சொல்லு. அதுக்கும் கேக்கலன்னா எம் மேல பழியப் போட்டுட்டு அழு."

மரியம்மாளை அனுப்பிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். வழியெல்லாம் ஜபமாலையை உருட்டினாள். எத்தனை மணி சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. பள்ளிகொண்டா தாண்டும்போதுதான், ஒரே மணியையே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

கோட்டைக்குள்ளே கோர்ட்டு. அகழிப் பாலத்தைத் தாண்டும்போதே கூட்டம் தெரிந்தது. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி என்று தோல் ஷாப்புக்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். ராஜாவை எதிர்த்து ஒரு பொம்பளை வழக்காடுகிறாள் என்றால் யாருக்குத்தான் வீட்டில் இருப்புக் கொள்ளும்? ஓரமாகக் கலீமுல்லா சாயபு குல்லாயைச் சரிபண்ணிக்கொண்டு நின்றார்.

"பயப்படாதேம்மா. பேஜார் பண்ணுவானுங்க. நெதானமாப் பேசு" என்றார்.

ராமலிங்கம் கறுப்பு அங்கியோடு வந்தார். ஒல்லியான மனுஷர். பெரிய வழக்கெல்லாம் அவரைத் தேடி வந்ததில்லை. வந்த வழக்கைப் பெரிதாக நடத்துவார்.

"அந்தோணி எங்கம்மா? அவனும் வாதிதானே?"

"வரலீங்க ஐயா."

ராமலிங்கம் தம் கவலையைக் காட்டிக்கொள்ளவில்லை. "இருக்கட்டும். நீ என்ன சொல்லப் போற?"

"எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேங்க."

சமஸ்தானத்துக்கு வக்கீல் மதராஸிலிருந்து வந்திருந்தார். ஜரிகைத் தலைப்பாகை, தங்கச் சங்கிலிக் கடிகாரம். வழக்கை விசாரிக்கிற முனிசீப்பு வந்து உட்கார்ந்ததும் எழுந்து, டில்லியின் பதிலை ஒரு தரம் வாசித்தார். வேறு பேச்சே வேண்டாம், வழக்கைத் தள்ளிவிடலாம் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார். சரியாகத்தான் பேசினார். சட்டம் அவர் பக்கம் இருந்தது.

ராமலிங்கம் எழுந்து வழக்கைத் திருத்த மனுக் கொடுத்தார். வாதிகள் சொந்தக்காரர்கள் அல்ல, மகாராஜாவின் குத்தகைதாரர்கள் என்று.

"நேற்று வரை சொந்தம், இன்று குத்தகை. நாளைக்கு என்னவோ?" என்று மதராஸ் வக்கீல் சிரித்தார். கோர்ட்டிலும் சிலர் சிரித்தார்கள்.

முனிசீப்பு சிரிக்கவில்லை. "அந்த அம்மாளைக் கூப்பிடுங்கள். கேட்போம்" என்றார்.

சவுரியம்மாள் கூண்டில் ஏறி வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தாள். புத்தகத்தை அழுத்திப் பிடித்தாள்.

"இந்த மண்ணு யாருதும்மா?" என்று ராமலிங்கம் கேட்டார்.

கோர்ட்டு முழுக்க அவள் வாயைப் பார்த்தது. நாற்பது வருஷப் பெருமை. செத்துப்போன மாமனார். கோபித்துக்கொண்டு போன கொழுந்தன்.

"ராஜாவோடதுங்க" என்றாள்.

பின்னாலிருந்து யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

"நீங்க அதுல எப்படி இருக்கீங்க?"

"குத்தகைக்குங்க. வருஷத்துக்கு ஒரு தோல் சால் குடுக்கறோம். அதான் குத்தகை."

மதராஸ் வக்கீல் எழுந்தார். குறுக்கு விசாரணை. குரலில் தேன் தடவியிருந்தது.

"ஏன் அம்மா, போன தடவை இனாம் என்று சொல்லிப் பிராது கொடுத்தீர்களே. அதில் நீங்களும் கைநாட்டு வைத்திருக்கிறீர்கள். அது பொய்யா, இது பொய்யா?"

"அது பொய் இல்லீங்க. பெருமை."

"அப்படியென்றால்?"

"எங்க மாமனாரு ஒரு ராஜாவுக்குச் சால் தெச்சுக் குடுத்தாரு. புள்ளைங்க அதத் தானம்னு நெனச்சிகினாங்க. அப்பன் ராஜாவுக்கே குடுத்தாருன்னு சொல்லிக்கறது எந்தப் புள்ளைக்குத்தான் பிடிக்காது? நானும் பேசாம இருந்துட்டேன். அது எந் தப்பு."

"தானமில்லை, குத்தகைதான் என்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? ராஜா உங்கள் காதில் வந்து சொன்னாரா?"

கோர்ட்டு மறுபடியும் சிரித்தது. சவுரியம்மாள் சிரிப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள். அவள் பேசியது இதுதான். எழுதுகிற எனக்கும் இதில் ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ மனசு வரவில்லை.

"நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் மாமாவுக்கு விஷ ஜுரம். கஞ்சி எறங்கல. கோயில் சாமியாரு வந்து, சாவறவங்களுக்குப் பூசற அவஸ்தைப் பூசுதல் குடுத்துட்டுப் போய்ட்டாரு. கார்த்திகை வந்திச்சு. மாமா எழுந்து உக்காந்து தோலு கொண்டான்னாரு. ஊசி புடிக்க முடியல, வெரலு நடுங்குது. படுங்க மாமா, அடுத்த வருஷம் ரெண்டாக் குடுத்துக்கலாம்னு சொன்னேன். அவரு அழுதுட்டாருங்க. இந்த வருஷம் சால் போவலன்னா எந்த மொகத்தோட நாளைக்கு அந்த மண்ணுல காலை வெப்பேன்னு கேட்டாரு. நாலு நாளு உக்காந்து தெச்சு முடிச்சிட்டுத்தான் படுத்தாரு."

அவள் மூச்சு விட்டுக்கொண்டாள்.

"தானம் குடுக்கறவன் ஒரு வருஷம் குடுக்கலன்னா அழுவ மாட்டான்யா. கடமை இருக்கறவன்தான் அழுவான். எங்க மாமா ராஜா மண்ணுல திருட்டுத்தனமா ஒரு நாள்கூட நிக்கல. குடுக்க வேண்டியதக் குடுத்துட்டுத்தான் நின்னாரு. அதுவும் பெருமைதான். நாங்க வேற பெருமையப் புடிச்சிகினு தொங்கிட்டோம்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கலீமுல்லா சாயபு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

மதராஸ் வக்கீல் கெட்டிக்காரர். வழி மாறினார். "எங்கள் மகாராஜா இவர்களை ஒரு நாளும் குத்தகைக்கு வைத்ததில்லை. சால் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். அவ்வளவே."

ராமலிங்கம் இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார். மெதுவாக எழுந்தார்.

"போன வாய்தாவில், இவர்கள் சொந்தக்காரர்கள் என்றபோது, என் நண்பர் இதே இடத்தில் நின்று என்ன சொன்னார் என்பதைக் கோர்ட்டார் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். 'வருஷத்துக்கு ஒரு தோல் சாலைக் கொடுத்துவிட்டு எங்கள் மகாராஜாவின் மண்ணில் ஒண்டிக்கொண்டிருக்கிற குத்தகைக்காரர்கள், இவர்களுக்குச் சொந்தம் ஒரு கேடா' என்றார். அன்றைக்கு அது எங்களுக்கு உறைத்தது. இன்றைக்கு அதற்காக நன்றி சொல்கிறோம்."

முனிசீப்பு தம் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. "ஆமாம், சொன்னீர்கள்" என்றார்.

ஜரிகைத் தலைப்பாகைக்கு வேர்த்தது. ஆனாலும் விடவில்லை. "வாதிகள் இரண்டு பேர். இரண்டாவது வாதியான அந்தோணி இதை ஒப்புக்கொள்கிறாரா? அவர்தான் ரத்த வாரிசு. அவர் இங்கே இல்லையே? இந்த அம்மாள் பேச்சை அவரே மறுத்தால் திருத்தம் நிற்காது."

சவுரியம்மாளுக்கு வேலியும் கோடாலியும்தான் நினைவுக்கு வந்தன. அவன் இந்நேரம் எந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறானோ. இங்கே வந்தாலும் என்ன சொல்லப் போகிறான்? எனக்கு அண்ணி கிடையாது என்றவன்.

"இங்கதான் இருக்கேனுங்க."

வாசல் நிலைக்குப் பக்கத்தில் அந்தோணி நின்றுகொண்டிருந்தான். வேட்டி முழங்கால் வரைக்கும் செம்மண். கையில் கோடாலி இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறான், எதிலிருந்து கேட்டான் என்று தெரியவில்லை. கண் சிவந்திருந்தது.

"நீர் சொல்லும். உம் தகப்பனாருக்கு இந்த மண் சொந்தமா, குத்தகையா?" என்றார் முனிசீப்பு.

அந்தோணி தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் முறுக்கினான். பிறகு அண்ணியைப் பார்க்காமலே சொன்னான்.

"எங்கப்பா ஜுரத்தோட தெச்சப்போ நான் சின்னப் பையன். ஊசிக்கு நூல் கோத்துக் குடுத்தது நாந்தான். அவரு அழுதத நானும் பாத்தேன். ஜுரத்துல அழுவறாருன்னு நெனச்சேன்." துண்டை உதறித் தோளில் போட்டான். "எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியாதுங்க. எங்க அண்ணி பேசினா எங்க வீடு பேசின மாதிரி."

சவுரியம்மாள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

திருத்தத்தை ஒப்புக்கொண்டு, வழக்கு நடக்கும் என்று முனிசீப்பு சொன்னார். தீர்ப்பு வரும் வரைக்கும் கிணற்றைத் திறந்துவிட வேண்டும் என்றும் உத்தரவிட்டார். பின்னால் ஒரே ஆரவாரம். டவாலிச் சேவகன் 'சைலன்ஸ்' என்று கத்தினான்.

மதராஸ் வக்கீல் அவசரமில்லாமல் எழுந்தார். கடைசி அம்பை அவர் பத்திரமாக வைத்திருந்தார். "உத்தரவைத் தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் ஒரு வார்த்தை. வழக்குப் போடக் குத்தகைதாரருக்கு அனுமதி வேண்டாம், சரி. ஆனால் மகாராஜாவின் சொத்தின் மேல் உத்தரவை நிறைவேற்ற டில்லியின் சம்மதம் வேண்டும். கோர்ட்டு அமீனா எங்கள் பூட்டைத் தொட முடியாது."

ஆரவாரம் அப்படியே அணைந்துவிட்டது. சவுரியம்மாள் ராமலிங்கத்தைப் பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டார். சட்டம் அப்படித்தான் இருந்தது.

"எனக்கும் அது தெரியும்" என்றார் முனிசீப்பு. "நான் அமீனாவை அனுப்பப் போவதில்லை. பூட்டை உடைக்கச் சொல்லப் போவதும் இல்லை. உங்களை ஒன்றுதான் கேட்கிறேன். என் உத்தரவை உங்கள் மகாராஜா மதிப்பாரா, மாட்டாரா? ஒரே வார்த்தை சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்."

பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக் காத்திருந்தார்.

அடடா, அந்த மனுஷரை என்னவென்று சொல்வது! கையில் கத்தி இல்லை, கம்பு இல்லை. ராஜாவைத் தொட முடியாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ராஜாவின் மானத்தையே பிடித்துக்கொண்டார். மாட்டார் என்று சொன்னால் நாளைக்குப் பத்திரிகையில் வரும். மூன்று ஊர்த் தோல் ஷாப்புக்காரர்களும் காதில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஜரிகைத் தலைப்பாகை இரண்டு பக்கமும் பார்த்தது. "எங்கள் மகாராஜா நியாயத்தை மதிப்பவர்" என்றார் வக்கீல்.

"சந்தோஷம்" என்று முனிசீப்பு எழுதிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அந்தோணி முன்னால் உட்கார்ந்தான், சவுரியம்மாள் பின்னால். மாதனூரில் கூட்டம் இறங்கியதும் அவன் எழுந்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"கோடாலி இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"மரியம்மா கிட்ட குடுத்துட்டேன். வேலிகிட்ட போயி நின்னேன் அண்ணி. ஓங்கினேன். கை எறங்கல." கையைப் பார்த்துக்கொண்டான். "நான் வெட்டினா அங்க நீங்க சொல்றது வீணாப் பூடுமேன்னு தோணிச்சு. அப்பறம் அவளும் வந்து ஓன்னு அழுதா. சாயபு ஷாப்பு லாரி வேலூருக்குப் போய்கினு இருந்திச்சு, தொத்திகினு வந்துட்டேன்."

"கோவம் பூடுச்சா?"

"இல்ல" என்றான் உண்மையாக. "வலிக்குது. இத்தினி வருசமா ஊரு பூரா சொல்லிட்டேனே அண்ணி. நாளைக்குக் காபிக் கடையில எப்படிப் போயி உக்காருவேன்?"

அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் முழங்காலில் காய்ந்திருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். தட்ட விட்டான்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சேதி அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஷாப்பில் வேலை செய்கிற அத்தனை குடும்பமும் கம்பி வேலி ஓரம் நின்றது. முனியம்மா இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடத்தோடு நின்றாள். மரியம்மாள் புருஷனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலிக்கு உள்ளே சமஸ்தானத்துக் காரியஸ்தர். கையில் சாவி. இன்னொரு கையில் மடித்த தந்தி. மனுஷருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"வக்கீல் வேலூர்லேர்ந்தே ராஜாவுக்குத் தந்தி அடிச்சிருக்காரு. பதிலும் வந்துடுச்சு" என்றார். "கெணத்தத் தொறந்துடணுமாம்."

கூட்டம் ஒரு 'ஹோ' போட்டது. காரியஸ்தர் கையைத் தூக்கினார்.

"இன்னும் இருக்கு. கார்த்திகைக் கடை ஞாயித்துக்கு மகாராஜாவே விரிஞ்சிபுரம் வர்றாரு. வர்ற வழியில இங்க தங்குவாரு. தம்மேல கேஸ் போட்ட குத்தகைதாரரை நேர்ல பாக்கணுமாம். எதுக்குன்னு போடல. கோவமா, வேறயான்னு எனக்கே தெரியல. யார் பேரைச் சொல்றது? சாவியையும் அவங்க கிட்டதான் குடுக்கணும்."

கேட்டுக்கொண்டே சாவியை அந்தோணியிடம் நீட்டினார். ஆண்பிள்ளை, ரத்த வாரிசு, முன்னால் நிற்கிறவன். வேறு யாரிடம் நீட்டுவார்?

அந்தோணி சாவியைப் பார்த்தான். ஊர் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் காபிக் கடையில் அளந்த அளப்பையெல்லாம் கேட்ட ஊர். அவன் இரண்டு அடி பின்னால் நகர்ந்து வழி விட்டான்.

"எங்க அண்ணிகிட்ட குடுங்க" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "ராஜாவோட குத்தகைக்காரங்க அவங்கதான். பேரு சவுரியம்மாள். எழுதிக்கோங்க."

சவுரியம்மாளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டாள். அழுதுகொண்டே போய்ச் சாவியை வாங்கினாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து பூட்டின் துவாரமே தெரியவில்லை. பூட்டும் புதுசு, முரண்டு பிடித்தது. ஒரு தரம் திருப்பினாள், வழுக்கியது. இன்னொரு தரம் திருப்பினாள். அந்தோணி பக்கத்திலேயே நின்றான். கையை நீட்டவில்லை. அவளே திறக்கட்டும் என்று காத்திருந்தான்.